சத்திரசிகிச்சைக்கு நாள் வந்துவிட்டது: சம்மதிக்க முன் கேட்கவேண்டியவை



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் அமரும்போது அடிக்கடி எமது காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "ஒப்பரேஷனுக்கு நாள் வந்திட்டுது." பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: "டொக்டர் சொன்னால் செய்யத்தானே வேணும்." எதிரே இருப்பவரோ, "ஐயோ, கத்தி வைக்க விடாதேங்கோ, என்ர மச்சானுக்கும் இப்பிடித்தான்..." என்று தொடங்குவார். இவ்விரண்டுக்கும் நடுவே கேட்கப்படவேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை. நாம் தொழிலால் கணக்காளர், மருத்துவர் அல்லோம். உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாக இதை எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நோயாளியாக இருந்து நாம் தவறவிட்டதையும் பின்னர் தேடிப் படித்ததையும் உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றோம்.

சத்திரசிகிச்சைகளில் இரு வகை உண்டு. குடல்வால் அழற்சி போன்றவை உடனே செய்யவேண்டியவை. அங்கே யோசிக்க நேரமில்லை. மற்றவை நாள் குறித்துச் செய்பவை. கண்புரை, முழங்கால் மாற்று, பித்தப்பைக் கல், குடலிறக்கம் என்பன பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் நோயாளியின் தீர்மானத்துக்கு உண்மையான இடம் உண்டு. குடலிறக்கத்தை எமது உடம்பிலேயே கண்டு அனுபவித்தபடியால் அதையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

குடலிறக்கம் என்றால் என்ன? வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடத்தினூடாக உள்ளே இருக்கும் கொழுப்போ குடலின் ஒரு மடிப்போ வெளியே தள்ளிக்கொண்டு வருவது. மிகக் கூடுதலாகக் காணப்படுவது கவட்டுப் பகுதியில். ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கிவரும் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையே பின்னாளில் பலவீனமான இடமாகிவிடுகின்றது. ஆகவேதான் ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றோ ஒருநாள் இது வருகின்றது, பெண்களுக்குக் குறைவு. நிற்கும்போதும் இருமும்போதும் புடைப்புத் தெரியும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். பாரம் தூக்குபவர்கள், நாட்பட்ட இருமல் உள்ளவர்கள், மலச்சிக்கலால் முக்குபவர்கள் கவனமாக இருக்கவேண்டும். வந்த குடலிறக்கம் பெரியவர்களில் மருந்தாலோ அப்பியாசத்தாலோ பத்தியத்தாலோ மறையாது. பட்டி கட்டினால் சிலருக்குச் சற்று இதமாக இருக்கும், அவ்வளவுதான். இதை மறைக்காமல் சொல்வது அவசியம். ஏனெனில் எண்ணெய் பூசிக் கரைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் எம்மவரிடையே இன்றும் இருக்கின்றார்கள்.

நிற்க. எமக்கு நடந்தது இதுதான்.

2022 மார்ச்சில் குளிக்கும்போது வலது கவட்டில் ஒரு புடைப்பைக் கண்டோம். நோவு இல்லை, மாலையில் ஒரு பாரம் போன்ற உணர்வு மட்டும். குடும்ப வைத்தியர் பார்த்து, குடலிறக்கம் என்று சொல்லி வைத்தியசாலைக்கு எழுதினார். செப்டெம்பரில் நிபுணரைச் சந்தித்தோம். சந்திப்பு பத்து நிமிடம் இருக்கும். வலை வைத்துத் தைக்கலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார். நாம் தலையாட்டினோம். "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டார். "இல்லை, நன்றி டொக்டர்" என்றோம். கணக்குப் புத்தகத்தில் ஐந்து பவுண் பிழைத்தாலும் பத்துக் கேள்வி கேட்கும் நாம், எமது சொந்த வயிற்றை வெட்டுவதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊரில் வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறி எம்முடன் வந்துவிட்டது.

2023 ஜனவரி நடுப்பகுதியில் நாள் கொடுத்தார்கள். வருமானவரிப் படிவங்களுக்கு அம்மாதம் 31 ஆந் திகதி கடைசி நாள். எமது தொழிலில் அதைவிட மோசமான கிழமைகள் கிடையா. ஆனாலும் வரிசையில் இடம் போய்விடும் என்ற பயத்தில் ஒத்துக்கொண்டோம். அன்று காலை நீல அங்கியை அணிந்து கட்டிலில் இருந்தபோது ஓர் இளம் வைத்தியர் சம்மதப் படிவத்துடன் வந்து வேகமாக வாசித்தார். இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, மீண்டும் வருதல், விதைக்குப் போகும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படுதல், பத்தில் ஒருவருக்கு நாட்பட்ட நோவு. அந்தக் கடைசி வசனத்தில் எமது காது நின்றுவிட்டது. இப்போது எமக்கு நோவு இல்லையே, நோவு இல்லாத ஒன்றைச் சரிசெய்யப் போய் நோவை வாங்கலாமா என்று கேட்டோம். அவர் பேனாவை மூடிவிட்டு நேர்மையாகப் பதில் சொன்னார்: "நோவு இல்லாவிட்டால் காத்திருப்பதும் ஒரு வழிதான். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

அன்று நாம் உடுப்பை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். வெட்கமாகவே இருந்தது. "இஞ்சருங்கோ, பயந்திட்டு வந்தனீங்களோ?" என்று துணைவியார் கேட்டபோது விளக்கம் சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. வைத்தியசாலை எமது பெயரை வரிசையிலிருந்து எடுத்துக் குடும்ப வைத்தியரிடமே திருப்பி அனுப்பிவிட்டது. செப்டெம்பரிலேயே கேட்டிருந்தால் எமக்கும் அவர்களுக்கும் அந்த நாள் வீணாகியிராது. இன்னொருவருக்கு அந்த இடம் கிடைத்திருக்கும்.

இதற்குப் பிறகுதான் நாம் தேடிப் படிக்கத் தொடங்கினோம். முதலில் சட்டத்தைச் சொல்கின்றோம். இந்த நாட்டில் எவ்வளவு தகவல் சொல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வைத்தியர்களின் வழக்கம் என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. 1957 இலும் 1985 இலும் வந்த தீர்ப்புகள் அந்தப் பக்கமே நின்றன. இதை மாற்றியது ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நடின் மொன்ட்கொமரி என்ற தாயின் வழக்கு. அவர் நீரிழிவு உள்ளவர், உருவத்தில் சிறியவர். நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைக்குப் பிறப்பின்போது தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 வீதம். வைத்தியர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தாய்மார் சத்திரசிகிச்சைப் பிரசவத்தையே கேட்பார்கள் என்பது அவருடைய எண்ணம். 1999 இல் பிறந்த மகன் மூளைப் பாதிப்புடன் பிறந்தான். 2015 மார்ச்சில் ஏழு நீதியரசர்கள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்லவேண்டும், மாற்று வழிகளையும் சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே கேள்வி கேட்பவர் வைத்தியரை அவமதிப்பவர் அல்லர். நல்ல வைத்தியர்கள் அதை விரும்புகின்றார்கள் என்பதும் எமது அனுபவம்.

என்ன கேட்பது? இங்குள்ள மருத்துவ அமைப்புகளே நான்கு கேள்விகளைச் சொல்லித் தருகின்றன. இதனால் எனக்கு என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? நாலாவது கேள்வியை எம்மவர் கேட்பதே இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பிய ஐந்தொகையை வாடிக்கையாளர் கொண்டுவந்தால் நாம் கையொப்பம் இடுவோமா? "செய்தால்" என்ற பக்கத்துக்கு எதிரே "செய்யாவிட்டால்" என்ற பக்கமும் நிரம்பவேண்டும்.

குடலிறக்கத்தில் அந்தப் பக்கத்தை நிரப்ப நல்ல இலக்கங்கள் இருக்கின்றன. வட அமெரிக்காவில் ஐந்து நிலையங்களில் 720 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2006 இல் முடிவு வெளிவந்தது. எல்லோருக்கும் கவட்டுக் குடலிறக்கம் இருந்தது, ஆனால் தொந்தரவு இல்லை அல்லது மிகக் குறைவு. ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சத்திரசிகிச்சை. மறுபாதிப் பேர் கவனித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. நாம் பயப்படுவது குடல் சிக்கி இறுகுவதற்குத்தானே? காத்திருந்தவர்களில் அப்படியான திடீர்ச் சிக்கல் வந்தது ஆயிரம் பேருக்கு ஓராண்டில் இரண்டு பேருக்கும் குறைவாக, சரியாகச் சொன்னால் 1.8. முதல் இரண்டு ஆண்டுகளில் காத்திருந்தவர்களில் 23 வீதமானோர் தாமாகவே வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். பெரும்பாலும் நோவு கூடியதால். தாமதித்துச் செய்தபடியால் அவர்களுக்குக் கூடுதல் சிக்கல் வரவில்லை.

இதை மட்டும் படித்தால் "காத்திருப்போம்" என்றே எவருக்கும் தோன்றும். எமக்கும் தோன்றியது. ஆனால் அதே ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்து 2013 இல் மீண்டும் எழுதினார்கள். பத்து ஆண்டு முடிவில் காத்திருந்தவர்களில் 68 வீதமானோர் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது 79 வீதம். அதாவது காத்திருப்பது பாதுகாப்பானது. ஆனால் பலருக்கு அது ஒரு பிற்போடுதல் மட்டுமே. கணக்கியலில் "நிகழத்தக்க பொறுப்பு" என்று ஒன்று உண்டு. இன்று கட்டவேண்டியதில்லை, ஆனால் குறிப்பில் எழுதி வைக்கவேண்டும். குடலிறக்கம் அப்படித்தான்.

மற்றப் பக்கத்தில், செய்துகொண்டால் வரும் நாட்பட்ட நோவு நூற்றில் பத்துப் பேர் அளவில். அதில் பெரும்பாலானோருக்கு அது தாங்கக்கூடியது. சிறு தொகையினருக்கே வாழ்க்கையைப் பாதிக்கும் கடுமையான நோவு. வலை வைத்துச் செய்தால் மீண்டும் வருவது நூற்றில் சிலருக்கு மட்டுமே. நல்ல தேகநிலை உள்ளவருக்குப் பொதுமயக்கத்தால் மட்டும் உயிராபத்து வருவது இலட்சத்தில் ஒன்று என்ற அளவில். கீஹோல் முறையில் செய்தால் நோவு குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் பொதுமயக்கம் வேண்டும். வெட்டித் தைக்கும் முறையை அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்தும் செய்யலாம். இருதய வருத்தம் உள்ள வயதானவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. கேட்காவிட்டால் சிலவேளை சொல்லமாட்டார்கள். "இந்தச் சத்திரசிகிச்சையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்?" என்றும் கேட்கலாம். நாம் கேட்டோம், அவர் கோபிக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன இலக்கங்கள் தொந்தரவு குறைந்த ஆண்களுக்கு மட்டுமே உரியவை. பெண்களுக்குக் கவட்டுப் பகுதியில் வரும் குடலிறக்கத்தில் ஒரு வகை தொடையின் இரத்தக் குழாய் அருகே இறங்குவது. அது சிக்கி இறுகும் ஆபத்து மிகக் கூட. ஆகவே பெண்கள் காத்திருக்கக்கூடாது என்பதே வழிகாட்டல். எமக்குத் தெரிந்த ஓர் அம்மா, இடம் வெட்கமான இடம் என்று மகளிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார். ஒருநாள் இரவு வாந்தியுடன் அம்புலன்ஸில் போனார். குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரே நாளில் முடிந்திருக்கவேண்டியது நான்கு கிழமையாகியது. கைக்குழந்தைகளுக்குக் கவட்டில் வந்தாலும் தாமதிக்காமல் காட்டவேண்டும். குழந்தைகளின் தொப்புளில் வருவது வேறு. அது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும்.

புடைப்பு திடீரெனக் கல்லுப்போல் இறுகி உள்ளே போகமறுத்தால், கடும் நோவு, வாந்தி, மலமோ வாயுவோ போகாமை என்பன வந்தால், குடும்ப வைத்தியரின் நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம். உடனே 999. காத்திருக்கத் தீர்மானிப்பவர் மட்டுமன்றி அவர் வீட்டில் உள்ளவர்களும் இதை அறிந்திருக்கவேண்டும். எமது துணைவியார் இதை எழுதிக் குளிரூட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

மொழிபெயர்ப்பு விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். வயதானவர்களுடன் பேரப்பிள்ளை போகின்றது. வைத்தியர் ஐந்து நிமிடம் விளக்குகின்றார். பிள்ளை திரும்பி, "அம்மம்மா, ஒப்பரேஷன் செய்யினமாம், பயப்பிடாதேங்கோவாம்" என்கின்றது. அம்மம்மா "ஓம்" என்கின்றார். படிவத்தில் கையொப்பம் விழுகின்றது. பிள்ளையில் குற்றமில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மலம், சிறுநீர், விதை என்ற சொற்களைப் பாட்டன் பாட்டிக்கு முன் சொல்லக் கூச்சம். ஆபத்தைச் சொன்னால் அவர்கள் பயப்படுவார்கள் என்று மறைப்பதும் உண்டு. தேசிய சுகாதார சேவையில் பயிற்றப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இலவசம். கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தில் முன்கூட்டியே கேட்கவேண்டும். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றும் சொல்லிவைப்பது நல்லது. பிள்ளை கூடப் போகட்டும், கையைப் பிடித்துக்கொள்ள.

செய்வது என்று தீர்மானித்தால் ஆயத்தங்கள் உண்டு. எம்மவரிடையே நீரிழிவு கூட. மூன்று மாதச் சராசரிச் சீனியளவு 69 க்கு (பழைய அளவில் 8.5 வீதம்) மேல் இருந்தால் நாள் குறித்த சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் பின்போடச் சொல்வார்கள், காயம் ஆறாது, கிருமி தொற்றும். காத்திருக்கும் மாதங்களை இதற்குப் பயன்படுத்தினால் காத்திருப்பு வீணாகாது. புகைப்பவர்கள் நிறுத்தினால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. வழமையாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் உணவும், இரண்டு மணித்தியாலத்துக்கு முன் தண்ணீரும் நிறுத்தவேண்டும். பால் விட்ட தேநீர் உணவுக் கணக்கில் சேரும் என்பதை மறக்கவேண்டாம். கந்தசஷ்டி விரதம் பிடித்த உறுதியில் முதல்நாள் முழுவதும் பட்டினி கிடக்கவும் வேண்டாம். நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு அது ஆபத்து.

சைவ உணவுக்காரர் சிலர் எம்மிடம் கேட்டது: வைக்கும் வலை எதனால் ஆனது? வழமையானது பொலிப்புறொப்பிலீன் என்ற செயற்கை நூல். விலங்கு இழையத்திலிருந்து செய்யும் வலைகளும் உண்டு, ஆனால் சாதாரண குடலிறக்கத்துக்கு அவை வழமையில் பயன்படுவதில்லை. இரத்தம் உறையாமல் போடும் ஹெப்பரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. செயற்கையான மாற்றுமருந்து உண்டு. விரும்புபவர் முன்கூட்டியே கேட்கலாம். அட்டமி, நவமி பற்றி எமது கருத்தைக் கேட்கவேண்டாம். நாள் குறித்த சத்திரசிகிச்சை என்றபடியால் ஒருமுறை மாற்றிக் கேட்பதில் தவறில்லை. இரண்டாம் முறை கேட்டால் எமக்கு நடந்ததே நடக்கலாம். ஆனால் கடை வைத்திருப்பவரும் பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்பவரும் நாளை யோசித்தே எடுக்கவேண்டும். இலேசான வேலைகளுக்கு ஒன்றிரண்டு கிழமை போதும். பாரம் தூக்க நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். முதல் ஏழு நாளுக்கு வைத்தியரின் துண்டு தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டும். திடீரென்று பிறேக்கை அழுத்த நோவில்லாமல் முடியும்வரை வாகனம் ஓட்டக்கூடாது, காப்புறுதிக்காரரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எமது கதையின் மீதி. 2023 கோடை மகோற்சவத்தில் சுவாமி காவப் போகவில்லை. தேர் வடத்தை மட்டும் தொட்டுக் கும்பிட்டோம். அவ்வாண்டு முடிவில் புடைப்பு பெரிதாகியது. மாடிப்படி ஏறினால் இழுத்துப் பிடித்தது. மாலையில் நிற்க முடியாமற் போயிற்று. "செய்யாவிட்டால்" பக்கத்து இலக்கங்கள் மாறிவிட்டன. மீண்டும் குடும்ப வைத்தியரிடம் போய், இம்முறை எந்த வைத்தியசாலை என்பதையும் நாமே தெரிவு செய்தோம். இங்கிலாந்தில் அந்த உரிமை உண்டு. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். நிபுணர் தாளை வாங்கி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் கையால் பதில் எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்னமும் எம்மிடம் இருக்கின்றது.

2024 மே மாதம் செய்துகொண்டோம். காலை ஏழரைக்குப் போய் மாலை நான்கு மணிக்கு வீடு வந்தோம். முதல் மூன்று நாள் இருமப் பயமாக இருந்தது. தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமினோம். பதினோராம் நாள் மேசைக்குத் திரும்பினோம். தழும்புக்குக் கீழே உள்ளங்கையளவு இடம் இன்றும் மரத்துப்போய்த்தான் இருக்கின்றது; குளிர் நாளில் ஒரு சிறு குத்து வரும். இப்படி வரலாம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. "பிறகேன் முதல்முறை ஓடி வந்தனீங்கள்?" என்று துணைவியார் இப்போதும் கேட்பார். அப்போது அது எமது தீர்மானமாக இருக்கவில்லை என்று சொல்வோம். அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேள்விகள் எழுதிய அந்தத் தாளின் வெற்றுப் பிரதிகளை, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆலய அலுவலக மேசையில் வைத்துள்ளோம். வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம்.